சோறும் வெஞ்சனமும் சுகரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். டவுனுக்குள் கடை வைத்திருப்பவர்கள், உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதிலும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும். நம் தட்டில் சோறு நிறைய, வெஞ்சனம் (சோற்றோடு சேர்த்துக்கொள்கிற காய், பயறு, மீன்) கொஞ்சம். இந்த அளவு மாறாமல் அரிசியின் பெயரையும் சர்க்கரையின் நிறத்தையும் மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

வெறும் வயிற்றில் சுகர் 92தான் காட்டியது. ஆனாலும் "இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறது" என்கிறார் டாக்டர். சுகரே இல்லாதபோது இது என்ன?

சாப்பிட்டதும் ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது. உடனே கணையத்தில் உள்ள பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. தசையும் கொழுப்புத் திசுவும் குளுக்கோஸை உள்ளே வாங்கிக்கொள்ள வைப்பது இன்சுலினின் ஒரு வேலை. ஈரல் தன் பங்குக்குக் குளுக்கோஸை ரத்தத்தில் விடுவதைத் தடுப்பது இன்னொரு வேலை. இன்சுலின் எதிர்ப்பு வந்துவிட்டால் தசையும் சரி, ஈரலும் சரி, அந்த உத்தரவைச் சரியாகக் கேட்பதில்லை. ஒரு பங்கு இன்சுலின் போதுமான இடத்தில் கணையம் இரண்டு பங்கு, மூன்று பங்கு சுரந்து சமாளிக்கிறது. அதனால்தான் உங்கள் சுகர் 92இல் நிற்கிறது. எண் நன்றாகத்தான் இருக்கிறது. அதை அங்கே நிறுத்திவைக்கக் கணையம் படுகிற பாடு அந்த எண்ணில் தெரியாது.

இப்படிப் பல வருஷம் ஓடும். அந்த வருஷங்களில் சுகரைத் தவிர மற்றதெல்லாம் மெல்லக் கெட ஆரம்பிக்கும்: ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு ஏறும், நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் இறங்கும், பிரஷர் கூடும், ஈரலில் கொழுப்பு படியும். இவை தனித்தனி நோய்கள் அல்ல, ஒரே வேரிலிருந்து வருபவை என்று அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன் 1988இல் எடுத்துச் சொன்னார். இன்று இதை மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறோம். கடைசியில் பீட்டா செல்கள் ஈடுகொடுக்க முடியாமல் போகும்போதுதான் சுகர் ஏறுகிறது. உங்கள் டாக்டர் சீக்கிரமே சொல்லிவிட்டார். இது நல்ல நேரம்.

சாப்பாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? சர்க்கரை தின்றால்தானே சுகர் வரும்?

தேவைக்கு மேல் சாப்பிடுகிற எதுவும், சோறோ எண்ணெயோ இனிப்போ, கடைசியில் கொழுப்பாகத்தான் சேமிக்கப்படுகிறது. தோலுக்கு அடியில் சேமித்தால் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் அந்த இருப்புக்கு ஒரு கொள்ளளவு உண்டு. கண்மாய் நிறைந்தால் மறுகால் போகிற மாதிரி, அது நிறைந்ததும் கொழுப்பு ஈரலுக்கும் தசைக்கும் கணையத்துக்கும் போய்ச் சேர்கிறது. ஈரலிலும் தசையிலும் சேர்கிற அந்தக் கொழுப்புதான் இன்சுலினின் உத்தரவைக் கெடுக்கிறது.

இதில் இனிப்புக்குத் தனிப் பங்கு உண்டு. சாதாரணச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். ஃப்ரக்டோஸில் பெரும்பகுதியை ஈரலே கையாளுகிறது. மிஞ்சியதை அங்கேயே கொழுப்பாக்கவும் செய்கிறது. அதனால் குடிக்கிற இனிப்பு, அதாவது குளிர்பானம், பாட்டில் ஜூஸ், சர்ப்பத் எல்லாம் ஈரலை நேராகத் தாக்குகிற வகை.

இன்னொன்று, தசை. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறுகிற குளுக்கோஸில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவருக்கும், வயலில் நாற்று நடுகிறவருக்கும் ஒரே அளவு சோறு ஒரே வேலையைச் செய்யாது. நம் தாத்தாக்கள் சாப்பிட்ட அளவை நாம் விடவில்லை, அவர்கள் செய்த வேலையை விட்டுவிட்டோம்.

நான் ஒல்லியாகத்தான் இருக்கிறேன். எனக்கு எப்படி இது?

நம் ஊரில் இது ரொம்ப சகஜம். கை, கால் மெலிந்திருக்கும், தொப்பை மட்டும் தனியாகத் தெரியும். புனேவைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் இருவர் படத்தையே போட்டு இதைக் காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, ஒன்றுதான், 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை இயந்திரம் இதைச் சொல்லாது. இந்தியர்களுக்கு தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்பதால்தான் நமக்கு பிஎம்ஐ 23 தாண்டினாலே கூடுதல் எடை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? என்ன டெஸ்ட் எடுக்கலாம்?

முதலில் ஒரு தையல் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். பேண்ட் போடுகிற இடத்தில் அளந்தால் தொப்பைக்குக் கீழே போய்விடும், அளவு குறைத்துக் காட்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும்.

அப்புறம் கழுத்தின் பின்பக்கம். அங்கேயும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் அழுக்கு இல்லை. ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக இருப்பதன் அடையாளம். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம்கூட இதைப் பார்க்கிறேன். அம்மாக்கள் பாவம், பீர்க்கங்காய் நாரை வைத்துத் தேய் தேய் என்று தேய்க்கிறார்கள். தேய்த்துப் போகாது. எடையும் சாப்பாடும் மாறினால் மெல்ல வெளுக்கும்.

ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு 150க்கு மேல், எச்டிஎல் ஆண்களுக்கு 40க்குக் கீழே, பெண்களுக்கு 50க்குக் கீழே என்று இருந்தால் இன்சுலின் எதிர்ப்பைச் சந்தேகிக்கலாம். வெறும் வயிற்றுச் சுகர் 100 முதல் 125 வரை, அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சுகருக்கு முந்தைய நிலை. 126க்கு மேல், அல்லது 6.5க்கு மேல் போய், மறுபடி பார்த்தும் அப்படியே இருந்தால் சுகர்தான். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். நம் ஆட்கள் பலருக்கு முதலில் ஏறுவது சாப்பிட்ட பின் பார்க்கும் சுகர். இன்சுலின் அளவையே பார்க்கிற விலையுயர்ந்த டெஸ்ட் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது. சுகரும் பிரஷரும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம். 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

அப்படியென்றால் சோற்றை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். குறைக்க வேண்டும். குறைத்த இடத்தை வேறொன்றால் நிரப்ப வேண்டும். இரண்டாவதைச் செய்யாததால்தான் முதலாவது நிலைப்பதில்லை.

ஒரு சாதாரண மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். 150 கிராம் அரிசியில் வடித்த சோறு. இது வேலை செய்கிற ஆணுக்கு ஒன்றும் அதிகம் என்று நம் வீடுகளில் நினைக்க மாட்டார்கள். முதலில் சாம்பாருக்கு ஒரு குத்து, அப்புறம் ரசத்துக்கு, கடைசியில் மோருக்கு. பக்கத்தில் உருளைக்கிழங்குப் பொரியல், ஒரு அப்பளம், ஊறுகாய். இப்போது கணக்குப் போடுங்கள். அந்த அரிசியில் மட்டும் 115 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. ஒருவர் பங்குக்குச் சாம்பாரில் விழுகிற பருப்பு 15 கிராம் என்றால் அதில் புரதம் 3 கிராம்தான். உருளையும் மாவுச்சத்து, அப்பளம் எண்ணெய். வெஞ்சனம் என்று பெயருக்கு இருக்கிறதே ஒழிய, தட்டு முழுக்க ஒரே பொருள்.

இதே தட்டை இப்படி மாற்றலாம். சோறு பாதியாக. முதலில் ஒரு கிண்ணம் காய்: புடலை, அவரை, கொத்தவரை, வெண்டை, பூசணி, எதுவானாலும் சரி, சோற்றின் அளவுக்கு. அதோடு ஒரு கீரை மசியல். அப்புறம் ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்போ, மொச்சைக் குழம்போ, தட்டைப்பயறோ, இரண்டு முட்டையோ, மீனோ. அயிரை மீன் குழம்பு கிடைக்கிற ஊரில் இருக்கிறோம், அதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். மோருக்குத் தனியாகச் சோறு வேண்டாம், மோரைக் குடித்துவிடுங்கள். வயிறு நிறையும், சாயங்காலம் நாலு மணிக்கு வடையைத் தேடாது.

பலரும் சோற்றை மட்டும் ஒரு கரண்டி குறைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். நாலு நாள் பசியோடு இருந்துவிட்டு ஐந்தாம் நாள் இரண்டு மடங்கு சாப்பிடுகிறார்கள். அது அவர்கள் மனவுறுதியின் குறை இல்லை. தட்டு காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் எல்லாரும் சிறுதானியத்துக்கு மாறிவிட்டோம். போதும்தானே?

இந்தக் கேள்விக்கு நான் சொல்கிற பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

பேரையூர், டி.கல்லுப்பட்டி கரிசல் காட்டில் விளைகிற குதிரைவாலி அருமையான தானியம். தீட்டாத வரகும் சாமையும் நார்ச்சத்து உள்ளவை. மழையை நம்பி விதைக்கிற விவசாயிக்கும் நல்லது. நான் யாரையும் இவற்றை விடச் சொல்லவில்லை. ஆனால் இவையும் தானியம்தான். எடையில் பெரும்பகுதி மாவுச்சத்துதான். அரிசி தின்ற அளவுக்கே குதிரைவாலி தின்றால் குளுக்கோஸ் கொஞ்சம் மெதுவாக ஏறலாம், மொத்தம் குறையப் போவதில்லை.

இதை நான் என் அபிப்பிராயமாக மட்டும் சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுக்க நடத்திய ஐசிஎம்ஆர் இண்டியாப் ஆய்வின் உணவுக் கணக்கு 2025இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. இந்தியர்களின் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அதில் தெரிந்தது. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ என்று மாற்றி, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காதவர்களுக்கு சுகர் அபாயம் குறைவாகத் தெரியவில்லை. கலோரியில் 5 சதவீதத்தை மட்டும் மாவுச்சத்திலிருந்து பருப்பு, பயறு, பால் வகைப் புரதத்துக்கு மாற்றினால் அபாயம் குறைவதாகக் கணக்கு காட்டியது. ஆக, மாற்ற வேண்டியது தானியத்தை அல்ல, தானியத்தின் பங்கை.

இன்னொரு விஷயம், எந்த வடிவத்தில் சாப்பிடுகிறோம் என்பது. முழுதாக வேகவைத்த சாமைச் சோறு வேறு, நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கேப்பைக் கஞ்சி வேறு. மாவு எவ்வளவு நைசோ, எவ்வளவு குழைகிறதோ அவ்வளவு சீக்கிரம் குளுக்கோஸ் ஏறும். சர்க்கரை போட்டு ஆற்றிக் குடிக்கிற கேப்பைக் கஞ்சியை "சுகருக்கு நல்லது" என்று கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கேப்பையில் கால்சியம் உண்டு, அது நல்லதுதான். சுகருக்கு மருந்து இல்லை. கடையில் பாக்கெட்டில் விற்கிற சிறுதானிய நூடுல்ஸ், பிஸ்கட் பக்கம் போகவே வேண்டாம். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் மைதாவோ சர்க்கரையோ எழுதியிருக்கும்.

இட்லி ஆவியில் வேகிறது, எண்ணெயே இல்லை. இதிலும் குறையா?

இட்லி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. காலையில் ஆறு, ராத்திரி மறுபடி ஆறு என்று போவதுதான் சிக்கல். மூன்று இட்லி, அதோடு தண்ணீர்ச் சட்னிக்குப் பதில் ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்புச் சாம்பார், ஒரு அவித்த முட்டை. இப்படிச் சாப்பிடலாம். மாவு அரைக்கும்போது உளுந்தைக் கூட்டிப் போடுங்கள். பச்சைப்பயறு தோசை, அடை இரண்டும் அதைவிட மேல். காலையில் சுண்டலும் மோரும் சாப்பிட்டுவிட்டுக் கடை திறக்கிறவர்கள் என்னிடம் வருகிறார்கள். பத்து மணிக்குப் பசிப்பதில்லை என்கிறார்கள்.

ராத்திரி புரோட்டா இல்லாமல் மதுரையா?

தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் நம் கணையம் தூங்குகிற வகை. மாலையில், இரவில் உடம்பு குளுக்கோஸைக் கையாளுகிற திறன் காலையைவிடக் குறைவு. அதே சாப்பாட்டை இரவு பதினொரு மணிக்குச் சாப்பிட்டால் சுகர் கூடுதலாக ஏறும், நேரம் கழித்துத்தான் இறங்கும். தூக்கம் குறைந்தால் மறுநாள் இன்சுலின் வேலை செய்வதும் குறைகிறது. கடையை அடைத்துவிட்டு, பசியோடு போய் தட்டில் நாலு புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றிக் குழைத்துச் சாப்பிட்டு, வீட்டுக்கு வந்து உடனே படுப்பது என்பது மைதா, எண்ணெய், நேரம், தூக்கம் நாலும் ஒரே இடத்தில் சேர்வது.

இரவு வேலை செய்கிறவர்களிடம் "சீக்கிரம் சாப்பிட்டுப் படுங்கள்" என்று சொல்வது சுலபம். நடக்காது. அவர்களுக்கு நான் சொல்வது: சாயங்காலம் ஏழு, எட்டு மணிக்கு வீட்டிலிருந்து தூக்குவாளியில் வரும் சாப்பாட்டை முக்கியச் சாப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். கடை அடைத்தபின் பசித்தால் இரண்டு ஆம்லெட், ஒரு டம்ளர் சர்க்கரை போடாத பால். நண்பர்களோடு போகிற நாளில் ஒரு புரோட்டா, அதோடு மட்டன் சுக்காவோ முட்டையோ, நிறைய வெங்காயம். கறி தோசையில் கறியும் முட்டையும் இருப்பதால் வெறும் புரோட்டாவைவிட அதுவே எவ்வளவோ பரவாயில்லை. ஆட்டுக்கறியை மட்டும் வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு முறையோடு நிறுத்துங்கள். மற்ற நாட்களுக்கு மீன், முட்டை, பயறு இருக்கிறது.

பழைய சோறு சுகருக்கு நல்லது என்கிறார்களே?

வடித்து ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதி செரிக்காத வகையாக மாறுகிறது. அதனால் கொஞ்சம் மெதுவாக ஏறும். பலன் சின்னதுதான். ஒரு சட்டி பழைய சோறு சாப்பிட்டால் அது ஒரு சட்டி சோறுதான். கொஞ்சம் சோறு, நிறைய மோர், சின்ன வெங்காயம், பக்கத்தில் சுண்டல் என்றால் வெயில் காலத்தில் அதைவிட நல்ல காலைச் சாப்பாடு இல்லை.

வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டோம். இப்போது நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும்தான். சரிதானே?

சரியில்லை. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு எல்லாவற்றிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். தேனில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் பிரிந்தே இருக்கின்றன. கருப்பட்டியில் தாதுச்சத்து கொஞ்சம் உண்டு. அதற்காகச் சாப்பிட வேண்டுமானால் முருங்கைக்கீரையே போதும்.

டீயைக் கணக்குப் பாருங்கள். ஒரு கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு நாலு டீ என்றால் சர்க்கரை மட்டும் 40 கிராம். வெளியிலிருந்து சேர்க்கும் இனிப்பு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. "அண்ணே, சக்கரை இல்லாம" என்று டீ மாஸ்டரிடம் சொல்லப் பழகினால் இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும். பருத்திப்பாலும் வெல்லம் போட்டதுதான். ஜிகர்தண்டாவில் சர்பத்திலும், சுண்டக் காய்ச்சிய பாலிலும், ஐஸ்கிரீமிலும் என்று மூன்று இடத்தில் இனிப்பு இருக்கிறது. பாதாம் பிசின் குளிர்ச்சி என்று சொல்லி அதைத் தினமும் குடிக்க முடியாது. ஊருக்கு வருகிற சொந்தக்காரர்களோடு பங்கு போட்டு, எப்போதாவது.

பழம்?

முழுப் பழமாக, இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு இடையில் ஒன்று: கொய்யா, பப்பாளி, நெல்லி, நாவல். ஜூஸாக வேண்டாம், சர்க்கரை போடாவிட்டாலும் வேண்டாம்.

புரதம் புரதம் என்கிறீர்கள். ரேஷன் அரிசியை நம்பியிருக்கிற வீட்டுக்கு இது கட்டுபடியாகுமா?

நியாயமான கேள்வி. 2011இலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். பசியைப் போக்கிய திட்டம் அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரிசி இலவசமாகவும் காயும் பயறும் விலை கொடுத்தும் வாங்க வேண்டியிருந்தால் தட்டில் எது கூடும் என்பது தெரிந்ததுதான். ஏழைக்கு இந்த நோய் வருவதைச் சோம்பேறித்தனம் என்று பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். எங்கிருந்து வரும்? ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கிற துவரம்பருப்பை ஒருவர் 50 கிராம் சாப்பிட்டால் 11 கிராம். இரண்டு முட்டையில் 12. கைப்பிடி வறுகடலை, 30 கிராம், அதில் 7. மீல்மேக்கர் காய்ந்த நிலையில் 30 கிராம், அதில் 15. மீதி சோற்றிலும் மோரிலும் வந்துவிடும். இறைச்சியே இல்லாமல் கணக்கு நிறைகிறது. காய்க்குப் பரவை மார்க்கெட்டிலோ, உங்கள் ஊர்ச் சந்தையிலோ சாயங்காலம் கடை கட்டுகிற நேரத்தில் போனால் பாதி விலைக்கு வாங்கலாம். முருங்கைக்கீரைக்குப் பல தெருக்களில் காசே கிடையாது.

சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

எந்த எண்ணெய் நல்லது?

நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டும் நல்லவைதான். ரேஷன் பாமாயிலில் ஏறத்தாழ பாதி உறைகொழுப்பு, அதைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். வடை சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காயவைக்க வேண்டாம். செக்கில் ஆட்டியது என்பதற்காக ஊற்றி ஊற்றிச் சமைத்தால் ஈரல் அந்த வித்தியாசத்தைப் பார்க்காது.

முதலில் காய், கடைசியில் சோறு என்று ஒரு வரிசை சொல்கிறார்கள். உண்மையா?

உண்மை. நியூயார்க்கில் நடந்து 2015இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அதே சாப்பாட்டையே காயும் கறியும் முதலில், மாவுப்பொருள் கடைசியில் என்று சாப்பிட்டபோது சுகர் ஏற்றம் தெளிவாகக் குறைந்தது. காசு செலவில்லாத காரியம். சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிஷம் நடப்பதும் அப்படித்தான்: நடக்கிற தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி விடிகாலையில் நடக்கிறவர்கள் நல்லதைத்தான் செய்கிறார்கள். அதில் பாதியை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவில் நடந்தால் இன்னும் பலன்.

ஆவாரம்பூ, வெந்தயம், பாகற்காய்ச் சாறு?

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆவாரம்பூ டீயில் சர்க்கரை போடாதவரை கெடுதல் பெரிதாக இல்லை. வெந்தயத்தில் நார்ச்சத்து நிறைய, ஊறவைத்துச் சாப்பிட்டால் சுகர் ஓரளவு குறைவதாக ஆய்வுகள் உண்டு. பாகற்காயைச் சாறாக்காமல் பொரியலாகச் சாப்பிடுங்கள். இவற்றில் எதுவும் மாத்திரையை நிறுத்துவதற்குக் காரணம் ஆகாது.

மகளுக்கு மாதவிலக்கு சரியாக வருவதில்லை, பிசிஓஎஸ் என்கிறார்கள். அவளுக்கும் இதே சாப்பாடுதானா?

ஆமாம். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறது. ரத்தத்தில் கூடுகிற இன்சுலின், சினைப்பையை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. முகத்தில் முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிலக்கு எல்லாம் அதிலிருந்து வருபவை. எடை கூடுதலாக இருந்தால் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகிறது. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து "நீ மட்டும் சோறு தின்னாதே" என்று சொல்லாதீர்கள். வீட்டில் எல்லார் தட்டும் ஒன்றாக மாறட்டும். அவளுக்கு அது வந்திருக்கிறதென்றால் அப்பா, அம்மா இடுப்பையும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. பின்னால் அவள் கர்ப்பமானால் முதல் பரிசோதனையிலேயே சுகர் பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரை சாப்பிடுகிறேன். விரதம் இருக்கலாமா? சோற்றை அடியோடு விட்டால் சீக்கிரம் குறையுமா?

டாக்டரிடம் சொல்லாமல் செய்யாதீர்கள். கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் திடீரென்று சோற்றை நிறுத்தினாலோ பட்டினி கிடந்தாலோ சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு மாவுச்சத்தை அடியோடு வெட்டினால் ரத்தத்தில் அமிலம் சேர்கிற வேறொரு அபாயம் உண்டு. சஷ்டி விரதமோ, ரமலான் நோன்போ, ஒரு மாதம் முன்னதாகவே போய்ச் சொன்னால் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார்கள். சாப்பாட்டைப் படிப்படியாக மாற்றுகிறவர்களுக்கும் இது பொருந்தும். தட்டு மாறினால் மருந்தும் மாற வேண்டியிருக்கும்.

எவ்வளவு நாளில் தெரியும்? வந்த சுகர் திரும்பிப் போகுமா?

ட்ரைகிளிசரைடு சில வாரங்களிலேயே இறங்கும். எச்பிஏ1சி மூன்று மாதக் கணக்கு, அதற்கு முன் பார்த்து மனம் தளர வேண்டாம். சென்னையில் மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் குழு, சுகரின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. மூன்று வருஷத்தில் எதையும் மாற்றாதவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சுகர் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதம் பேருக்கு. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த பலனுக்கு ஏறத்தாழ சமம் அது.

வந்துவிட்ட சுகரும் சிலருக்கு விலகுகிறது. பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான டைரக்ட் ஆய்வில், சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்த, எடை கூடுதலானவர்களைக் கடுமையாக எடை குறைக்க வைத்தார்கள். ஒரு வருஷத்தில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே சுகர் அளவுக்குக் கீழே வந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம். அது மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. எடை திரும்பினால் சுகரும் திரும்பும். நம் ஆட்கள் அவர்களைவிட மெலிந்தவர்கள், குறைக்க அவ்வளவு கிலோ இருக்காது. ஆகவே கிலோவைவிட இடுப்பளவைப் பாருங்கள். அதே டேப், அதே இடம், மாதம் ஒருமுறை. காலண்டரில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் காலண்டர் தாளையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் சேர்த்து டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அவர் அதைப் பார்த்து முடிவு செய்வார்.